ஆறு வயதுக் குறிப்பாணை

அந்த அறையில் எனக்கு நாற்காலி போடவில்லை. சுற்றிலும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நாற்பது நிமிடம் நின்றேன். தாய் இறப்பு தணிக்கைக் கூட்டம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண் இறந்து எட்டாவது நாள். "நீயெல்லாம் எதுக்கும்மா டாக்டருக்குப் படிச்சே?" என்று கேட்டவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அப்போது எனக்குப் பணியில் பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டில் என் கண் முன்னால் எத்தனை ஆயிரம் தாய்மார் பிள்ளையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அது 2019 ஆகஸ்ட். இப்போது 2025 முடியப்போகிறது. போன வாரம் மாவட்டப் பொறுப்புக்கான தேர்ந்தோர் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதினோரு பேர் பெயர் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதில் மூன்று பேர் பயிற்சி மருத்துவர்களாக என் நிலையத்துக்கு வந்து, என் பக்கத்தில் நின்று தடுப்பூசி போடக் கற்றவர்கள். ஏன் என் பெயர் இல்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். "17பி பெண்டிங்ல இருக்குதுங்க மேடம்" என்று, என்மேல் இருக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சொன்னார் அந்தப் பிரிவு எழுத்தர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இரவை நான் சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டாக அதைப் பற்றி அறிக்கைகள்தான் பேசியிருக்கின்றன.

இரண்டாவது பிரசவம். வயது இருபத்தாறு. கணவர் கொத்தனார். ஏழாம் மாதம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.2. எங்கள் கிராம சுகாதார செவிலியர் அவளை விடவில்லை. நடவு வயலில் நின்றவளை வரப்பிலேயே காத்திருந்து கூட்டிவந்தார். இரும்புச்சத்து மருந்தை நான்கு தடவை டிரிப்ஸில் ஏற்றினோம். ஒன்பதாம் மாதம் 10.4 வந்துவிட்டது. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, ஸ்கேன் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம் என்று எங்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதலே சொல்லும் பிரசவம். இரவு 1.55க்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. நஞ்சும் முழுதாக வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது.

செவிலியர் எனக்குப் போன் செய்தபோது மணி 2.08. எங்கள் நிலையத்தில் இரவில் செவிலியர்தான் பணியில் இருப்பார். மருத்துவர் அழைத்தால் வர வேண்டும். ஊருக்குள்ளேயே வாடகைக்கு இருந்ததால் பன்னிரண்டு நிமிடத்தில் நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். ஆக்சிடோசின் ஓடிக்கொண்டிருந்தது. மிசோபிரோஸ்டால் வைத்தோம். வயிற்றைப் பிடித்து மாற்றி மாற்றி அழுத்தினோம். ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டி உள்ளே வைத்து உப்புநீர் நிரப்பி ரத்தத்தை அடைக்கப் பார்த்தேன். அதிர்ச்சி தடுக்கும் உடுப்பைக் காலிலிருந்து வயிறுவரை சுற்றினோம். ஒன்றையும் விடவில்லை. 108ஐ அழைத்தது 2.22க்கு. எங்கள் வட்டாரத்து வண்டி ஒரு சாலை விபத்துக்குப் போயிருந்தது. அடுத்த வட்டாரத்து வண்டி வந்து நின்றபோது மணி 3.10.

நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க ஒரு கை அவள் வயிற்றின் மேலேயே இருந்தது. "டாக்டரம்மா, பாப்பா பால் குடிச்சுதா?" என்று கேட்டாள். அவள் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான். குடிச்சுட்டாம்மா என்றேன். குடித்திருக்கவில்லை.

சீமாங்க் மையத்தை எட்டியது 3.50க்கு. பேறுகால அவசரத்துக்கென்றே இருபத்து நான்கு மணி நேரமும் ரத்தமும் மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் இருக்க வேண்டிய இடம். அவள் பிரிவு ரத்தம் ஒரே ஒரு யூனிட் இருந்தது. மயக்க மருத்துவர் ஒருவர்; அவரே இரண்டு மருத்துவமனைக்கு. அன்று இரவு அவர் இன்னொன்றில் இருந்தார். கர்ப்பப்பையை எடுத்திருந்தால் உயிர் தங்கியிருக்கும். எடுக்க அங்கே கை இருந்தது, மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவளை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். 4.40க்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். 5.30க்கு, வண்டியிலேயே, போய்விட்டாள்.

தணிக்கை அறிக்கை நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் எங்கள் நிலையத்தைப் பற்றி. சீமாங்க் மையத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: உரிய சிகிச்சை அளிக்கப்பட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருத்துவர் என்ற சொல்லே அந்த நான்கு பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில் "நிலைய மருத்துவ அலுவலரின் கவனக்குறைவு" என்று இருந்தது. ரத்தசோகை இருந்த தாயை ஏன் முன்கூட்டியே மேலே அனுப்பவில்லை என்பதுதான் என்மேல் வைத்த கேள்வி.

அதே அறையில், அதற்கு மூன்று மாதம் முன்னால், எங்கள் நிலையத்தின் பெயர் திரையில் சிவப்பில் வந்தது. பிரசவ எண்ணிக்கை குறைவு, மேலே அனுப்புவது அதிகம் என்று. "எல்லாத்தையும் ரெஃபர் பண்றதுக்கு எதுக்கு டாக்டர்? ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் போதுமே" என்றார்கள். அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு தாயின் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். அனுப்பினால் எண்ணிக்கை குறைந்தது என்று நிற்க வைப்பார்கள். வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் உயிரைக் கொன்றவள் என்று நிற்க வைப்பார்கள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு நடுவில் நிற்பவளைப் பார்த்து ஏன் நகரவில்லை என்று கேட்டால் அவள் எங்கே போவாள்?

தணிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனதார அதை நம்புகிறவள் நான். 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54 ஆகியது. நாடு முழுவதற்கும் அப்போது 97. ஒவ்வொரு சாவையும் எடுத்துவைத்து எங்கே தாமதம் என்று தேடியதற்கும் இந்த இறக்கத்தில் பங்கு உண்டு. வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், வந்து சேரும் வழியில் தாமதம், வந்த இடத்தில் சிகிச்சை தொடங்கும் தாமதம். இந்த மூன்றையும் நானே எத்தனையோ செவிலியர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆளைத் தேடாதீர்கள், ஓட்டையைத் தேடுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டில் தாமதம் இல்லை. வலி வந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். வழியில் தாமதம் இருந்தது. வந்த இடத்தில் தாமதம் இருந்தது. இரண்டுமே என் கையில் இல்லாதவை. அவர்கள் ஆளைத் தேடினார்கள். படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றவள் நான்; கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தேன்.

பொது சுகாதாரத்தை நான் விரும்பித்தான் தேர்ந்தெடுத்தேன். வகுப்பில் பலரும் அறுவை, இதயம், கதிரியக்கம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் பேராசிரியர் 1939ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டத்தைப் பற்றி ஒருநாள் சொன்னார். இந்தியாவிலேயே அப்படி ஒரு சட்டம் முதலில் நம்மிடம்தான் வந்தது, குடிதண்ணீரும் சாக்கடையும் அம்மையும் காலராவும் மருத்துவரின் வேலை என்று அது சொன்னது என்றார். அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். வேலையில் இருந்துகொண்டே பொது சுகாதாரத்தில் பட்டயம் படித்தேன். சாயங்காலம் கிளினிக் வைத்துக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வைக்கவில்லை. சாயங்காலம்தான் ஊருக்குள் போனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

2006இல் 10(அ)(1) விதியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். சிறப்புத் தேர்வு எழுதிப் பணி வரன்முறை ஆவதற்கு மூன்று ஆண்டு போயிற்று. அந்த மூன்று ஆண்டில் பார்த்த நோயாளிகள் நிஜம், போட்ட ஊசிகள் நிஜம். பணிமூப்பில் மட்டும் அந்த மூன்று ஆண்டு கிடையாது. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் கிடையாது. இதையெல்லாம் நான் வலியோடு ஏற்றுக்கொண்டேன். என்னைப்போல் ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ள முடியாதது வேறு.

எங்கள் வேலை ஜெயித்தால் ஒன்றும் நடக்காது. அதுதான் எங்கள் வேலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் கடைமடையைச் சுருட்டிப்போட்டது. தென்னையும் மின்கம்பமும் சாலையெல்லாம் கிடந்தன. பள்ளிக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். கழிப்பறை நிரம்பி வழிந்தது. கிணற்றில் கடல் தண்ணீரும் செத்த ஆடும் கிடந்தன. இருபத்திரண்டு நாள் நானும் என் சுகாதார ஆய்வாளரும் தண்ணீர் லாரி லாரியாக ஏறிக் குளோரின் அளவு பார்த்தோம். குளோரின் இல்லாத லாரியைத் திருப்பி அனுப்பியதற்குத் தாகத்தோடு நின்ற ஜனங்களிடம் வசவு வாங்கினேன். நிறைமாதத் தாய்மார்களைப் பட்டியல் எடுத்து முன்கூட்டியே இடம் மாற்றினோம். முகாம்களில் வயிற்றுப்போக்கு பரவவில்லை. ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. என் பணிப் பதிவேட்டில் அந்த இருபத்திரண்டு நாளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. சாகாத குழந்தைக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? என் பத்தொன்பது ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினால், நான் இந்த உலகத்தில் செய்த ஒரே காரியம் அந்தப் பெண்ணைச் சாகவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என்னோடு சேர்ந்த தோழி ஒருத்தி. அவளுக்கு மகப்பேறு மருத்துவம் படிக்க ஆசை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் பாதி இடம் உண்டு என்று நம்பித்தான் கிராமத்துக்கு வந்தாள். 2017இல் அந்த இடஒதுக்கீடு இல்லை என்றாகிவிட்டது. மலையிலும் கடினப் பகுதியிலும் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு, அதிகபட்சம் முப்பது விழுக்காடு ஊக்க மதிப்பெண் என்று வைத்தார்கள். பேருந்து நிற்காத ஊரில் எட்டு ஆண்டு இருந்தவள் அவள். அந்த ஊர் கடினப் பகுதிப் பட்டியலில் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் அந்த ஒதுக்கீட்டைத் தரலாம் என்று தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவள் இங்கே இல்லை. 2018லேயே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டாள். அவளைப் போன்ற ஒருத்தி மயக்க மருத்துவம் படித்து முடித்து எங்கள் சீமாங்க் மையத்துக்கு வந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. கிராமத்து டாக்டர்கள் ஓடிப்போகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இவளைப் போன்றவர்களின் கணக்கை ஒருநாள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

2019 அக்டோபர் 25 அன்று நாங்கள் வேலைநிறுத்தம் தொடங்கினோம். 2009இல் வந்த அரசாணை 354 காலம் சார்ந்த ஊதிய உயர்வைத் தந்தது. அதன்படி நான்காவது ஊதியப்பட்டைக்குப் போக எங்களுக்கு இருபது ஆண்டு. மத்திய அரசு மருத்துவருக்குப் பதின்மூன்று. அதைத் திருத்துங்கள் என்றுதான் கேட்டோம். பிரசவம், அவசர சிகிச்சை எதையும் நிறுத்தவில்லை. போராட்டத்தைத் திரும்பப் பெற்ற பிறகு இடமாற்றமும் குறிப்பாணையும் வந்தன. 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதே பிப்ரவரியில், அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மருத்துவர் லட்சுமி நரசிம்மன் மாரடைப்பில் இறந்தார். என் குறிப்பாணையும் அந்த மாதம்தான் கையில் கிடைத்தது. என்னுடையது ரத்தான கணக்கில் சேரவில்லை. போராட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, தாய் இறப்பு.

பிறகு கொரோனா வந்தது. என்மேல் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போதே இரண்டு மாதம் வீட்டுக்குப் போகாமல் பரிசோதனை முகாமில் இருந்தேன். என் இரண்டாவது மகன் ஜன்னலுக்கு வெளியிலிருந்து என்னைப் பார்த்தான். கவனக்குறைவானவள் என்று எழுதிய கைதான் மூன்று ஒன்றியங்களின் கொரோனாப் பொறுப்பை எனக்கு எழுதிக் கொடுத்தது. ஆபத்தான இடத்துக்கு அனுப்ப நான் நம்பிக்கையானவள். பதவி என்றால் மட்டும் என் பெயருக்கு நேரே கறை.

விசாரணை அதிகாரி ஓய்வு பெற்றார். வேறொருவரை நியமிக்க ஒன்றரை ஆண்டு. 2022இல்தான் விசாரணை நடந்தது. அதற்கு அந்தப் பெண்ணின் கணவரையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு எதிராக என்ன சொன்னாலும் தகும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியைப் பறிகொடுத்தவர் யார்மேல்தான் கோபப்படுவார்? அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்தார்கள்: "டாக்டரம்மா கை என் வீட்டுக்காரி வயித்துமேலயே இருந்துச்சுங்க. வண்டியிலயும் எடுக்கல. அங்க மயக்க ஊசி போட டாக்டர் இல்லேன்னு சொன்னாங்க. அதைத்தான் நான் கேக்கணும்னு வந்தேன்." அவர் கேள்விக்கு விசாரணை அதிகாரி பதில் சொல்லவில்லை. அது விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று 2023 ஜனவரியில் அவர் அறிக்கை கொடுத்துவிட்டார். நிரூபிக்கப்படவில்லை! அந்தத் தாளின் நகலை நான் கோயில் பிரசாதம் மாதிரி பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனால் இறுதி ஆணை வரவில்லை. கிட்டத்தட்ட மூன்று ஆண்டாகக் கோப்பு "பரிசீலனையில்" இருக்கிறது. இறுதி ஆணை வராதவரை குற்றச்சாட்டு நிலுவைதான். நிலுவை இருந்தால் பட்டியலில் பெயர் கிடையாது. ஒரு கையெழுத்து. தண்டனை கொடுத்திருந்தால்கூட அதற்கு ஒரு கால வரம்பு இருந்திருக்கும், இந்நேரம் முடிந்திருக்கும். குற்றமில்லை என்று ஆனதால் என் தண்டனைக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. யாரிடம் போய் அழுவேன் இதை?

அந்தக் குழந்தை ஒவ்வொரு தடுப்பூசிக்கும் என்னிடம்தான் வந்தாள். ஒன்றரை மாதத்தில், இரண்டரை மாதத்தில், மூன்றரை மாதத்தில், ஒன்பதாம் மாதத்தில். முதல் இரண்டு தடவை அவள் பாட்டி தூக்கிவந்தார். அப்புறம் அப்பாவே புதன்கிழமை வேலைக்குப் போகாமல் கொண்டுவந்தார். ஐந்து வயது ஊசிக்கு வந்தபோது அவள் அழவில்லை. கையை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் சாயல் நெற்றியில் அப்படியே இருக்கிறது. இப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கும் என் கோப்புக்கும் ஒரே வயது. அவள் வளர்ந்துவிட்டாள்.

என் பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள் என்று கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறேன். இனி நான்காவது கொடுப்பேனா தெரியவில்லை. மனுவைவிட என்னை எரிப்பது வேறொன்று. அந்த நான்கு பக்க அறிக்கையில் என் கவனக்குறைவு என்று எழுதி முடித்ததும் அந்தச் சாவின் கதை அவர்களுக்கு முடிந்துவிட்டது. ஆள் கிடைத்துவிட்டாள். ஓட்டையை யாரும் தேடவில்லை. சீமாங்க் மையத்தின் இரண்டாவது மயக்க மருத்துவர் இடம் அன்று காலி. இன்றும் காலி. ஒருவரே இன்றும் இரண்டு மருத்துவமனையைப் பார்க்கிறார். அவருக்கும் வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

முந்தாநாள் இரவு ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு லேசாகத் தொடங்கியதுமே 108ஐ அழைத்துவிட்டேன். வண்டி வருவதற்குள் சீமாங்க் மையத்துக்குப் போன் போட்டேன். ஆறு ஆண்டாக யாரை அனுப்பினாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

"மயக்க டாக்டர் இருக்காரா?"

"வந்துருவாரு மேடம், அனுப்புங்க" என்றார்கள்.